பெயர் எழுதிய இசைத்தட்டை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய இசைத்தட்டு சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இரண்டாம் முறை கோபமாக. இளம்பிள்ளைகள் இசைத்தட்டைத் தேடிப்போய் வாங்குகிறார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு என்று கட்டம் கட்டிச் சில யோசனைகள் போட்டிருந்தீர்களே, அதில் இரண்டு எனக்கு ஒப்பவில்லை. லேபிளில் யாராவது பெயர் எழுதியிருந்தால் அந்தத் தட்டை வாங்காதீர்கள், மதிப்பு பாதிதான் என்பது ஒன்று. எழுத்தும் அழுக்கும் போக ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம் என்பது மற்றொன்று.

ஸ்பிரிட் விஷயம் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்கையும் கல்பொடியையும் கலந்து அழுத்திச் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். சந்தேகமிருந்தால் பக்கத்துத் தெரு தச்சரைக் கேளுங்கள், கட்டிலுக்கும் கதவுக்கும் பாலிஷ் போட அவர் ஸ்பிரிட்டில் ஊற வைப்பது அந்த அரக்கைத்தான். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில், 1986இல், ஒரு தட்டை மருந்துக்கடை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது. இவ்வளவு அழுக்கா என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். போனது அழுக்கல்ல, பாட்டு. அதற்கப்புறம் அந்தத் தட்டில் ஊசி வைத்தால் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம்தான். 45, 33 சுற்றுத் தட்டுகள் வேறு ஜாதி, அவை வினைல். அரக்குத் தட்டுக்கு லேபிளில் படாமல் ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி, அவ்வளவு போதும். இந்தத் திருத்தத்தையாவது தயவுசெய்து வெளியிடுங்கள்.

சரி, இனி பெயர் விஷயம்.

என் அப்பா நெல்லிக்குப்பத்தில் மைக் செட் வைத்திருந்தார். 1962இல் நான் பிறந்த வருடம் ஆரம்பித்ததால் கடைக்கு என் பெயரையே வைத்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டு சுழற்றும் பெட்டி, நான்கு கூம்பு ஒலிபெருக்கி, கரண்ட் இல்லாத ஊருக்கு எடுத்துப் போக பேட்டரி. ஆடி மாதம் வந்தால் வீட்டில் ஆளே இருக்காது. ஏழெட்டு வயதிலேயே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றும் வேலை எனக்கு வந்துவிட்டது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதனால் மைக் செட்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் திருவிழாவில் தூக்கமும் கிடையாது, ராட்டினமும் கிடையாது. பிறகு கேசட் வந்தது. அப்பா அதை வாங்கிய அன்று, “இனிமே அரை மணி நேரம் கண்ணை மூடலாம்” என்றார். தொழில் சரியப்போகிறது என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பெட்டியில் முதல் தட்டு எப்போதும் சீர்காழியார்தான், பாடகர் சீர்காழி கோவிந்தராஜன். ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த மைக் செட்டும் வாய் திறந்ததில்லை. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அப்பா சொன்ன காரணம் பக்தி மட்டுமல்ல. கூம்பில் அடிக்குரல் ஏறாது. தபேலாவின் கும்கும் சத்தமெல்லாம் கூம்புக்குள்ளேயே செத்துவிடும். நடு ஸ்தாயிக்கு மேல் கணீரென்று நிற்கிற குரல்தான் வயல் தாண்டிப் போகும். “இந்த மனுஷன் கூம்புக்குன்னே பொறந்தவர்” என்பார். கச்சேரி மேடையில் இருந்து வந்தவர், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவரைப் புளியமரத்தில் கட்டிய தகரக் கூம்பு வழியாகத்தான் முழுசாகக் கேட்க முடியும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். என் வீட்டு நல்ல ஸ்பீக்கரில் அந்தக் குரல் கொஞ்சம் அடக்கமாகத்தான் வருகிறது.

(என் வீட்டுக்காரர் டி.எம்.எஸ். கட்சி, அதாவது பாடகர் டி.எம். சௌந்தரராஜன் ரசிகர். சீர்காழியார் மறைந்தது 1988 மார்ச் 24. டி.எம்.எஸ். பிறந்ததும் ஒரு மார்ச் 24, 1922இல். ஆகவே வருடத்தில் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் தட்டு சுழற்றும் பெட்டிக்குச் சண்டை வரும். காலையில் அவருக்கு, மாலையில் எனக்கு. நடுவில் சமாதானத்துக்கு ‘காசிக்குப் போகும் சந்நியாசி’. அதில் இரண்டு பேரும் சேர்ந்து பாடியிருக்கிறார்களே.)

மைக் செட்காரர்கள் ஏன் தட்டில் பெயர் எழுதினார்கள் என்பது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே நாளில் மூன்று ஊரில் திருவிழா இருக்கும். எங்களிடம் இல்லாத தட்டைப் பண்ருட்டிக்காரர் கொடுப்பார், அவரிடம் இல்லாததைக் குறிஞ்சிப்பாடிக்காரர் கொடுப்பார். வாங்கினது திரும்பி வர வேண்டுமே, அதற்காகத்தான் பெயர். அப்பா சிவப்பு எனாமல் பெயிண்டால் என் பெயரையும் கீழே ஒரு வரிசை எண்ணையும் எழுதுவார். எழுதியதும் தட்டைத் தொடக்கூடாது, ஒரு நாள் காய வேண்டும். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு நீளமான கணக்கு நோட்டில் பாட்டு, படம், வாங்கிய விலை, எந்த ஊருக்கு யாரிடம் போயிருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். மொத்தம் 164 எண்கள். அதில் 38 சீர்காழியார். அப்பா 1996இல் போனபோது தம்பி ஆம்ப்ளிஃபயரையும் கூம்புகளையும் விற்றான். தட்டுகளும் நோட்டும் எனக்கு வந்தன, வேறு யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெயிண்ட் எனக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். அதைக் கடலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் இருந்த வீட்டின் ஓடுகள் பறந்து, தட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. காகித உறைகள் கூழாகிவிட்டன. பல தட்டுகளில் லேபிள் அச்சு அழிந்தோ உரிந்தோ போய், எது என்ன பாட்டு என்றே தெரியவில்லை. கரண்ட் வர நாளாகும், போட்டுக் கேட்கவும் முடியாது. ஆனால் எனாமல் பெயிண்ட் அப்படியே இருந்தது. பரண்மேல் இருந்ததால் நோட்டும் தப்பியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் செருகினேன். மதிப்பைப் பாதியாக்குவதாக நீங்கள் எழுதிய அந்தக் கிறுக்கல் இல்லாவிட்டால் அன்றைக்கு என்னிடம் இருந்தது கறுப்புத் தட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு சம்பவம். போன தைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனதாகத்தான் வீட்டில் கணக்கு. துணிக்கடைகள் தாண்டி ஒரு பையன் தார்ப்பாய் விரித்து, பழைய கேமரா, பித்தளைக் குத்துவிளக்கு, பிரெஞ்சுக்காரர் வீட்டு மணிக்கூடு என்று பரப்பியிருந்தான். கையில் ஒரு தட்டு. தின்னர் நனைத்த துணியால் நடுவில் தேய்த்துக்கொண்டிருந்தான். துணி சிவப்பாக இருந்தது.

“தம்பி, நிறுத்துப்பா” என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அழுக்கும்மா, துடைச்சுத் தர்றேன்” என்றான்.

என் பெயரில் கடைசி எழுத்தும், அதற்குக் கீழே 47 என்ற எண்ணும் மட்டும் மிச்சமிருந்தன. அப்பாவின் 4 எனக்குத் தெரியும், நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கும். ஐந்நூறு சொன்னான். பெயர் முழுசாகப் போகாததால் இருநூறுக்குக் கொடுத்தான். உங்கள் கட்டுரை சொன்ன விலைக் கணக்கு சரிதான், அந்த வகையில் எனக்கு லாபம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். 47: ‘எங்கிருந்தோ வந்தான்’, படிக்காத மேதை. அதற்கு எதிரே அப்பாவின் கையெழுத்தில், “பாகூர், 74 ஆடி, திரும்பவில்லை.” அந்தப் படம் 1960. பாட்டு பாரதியாருடையது, கண்ணன் பாட்டில் வருவது. அவர் புதுச்சேரியில் இருந்த காலத்தில்தான், 1917இல், கண்ணன் பாட்டு நூலாக வந்தது. அடுத்த வருடம் நவம்பரில் அவர் புதுச்சேரி எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். நானும் அதே எல்லையைத் தாண்டித்தான் வந்தேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரம்மா என் மடியில் துண்டு சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து, “என்னம்மா, பாட்டிலா?” என்று கேட்டார். “பாட்டில் இல்லைங்க, பாட்டு” என்றேன். பிரித்துப் பார்த்துவிட்டு, “ஓடுமா?” என்றார். ஓடியது. சரணத்தில் ஒரு இடத்தில் கீறல், அங்கே மட்டும் ஊசி தவ்வுகிறது.

அது பாகூரில் ஐம்பது வருடம் எந்தெந்த வீட்டில் இருந்ததோ. பாகூர் மைக் செட்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் பிறர் பெயர் எழுதிய தட்டுகள் பதினொன்று இருக்கின்றன. கேசட் வந்த பிறகு யாரும் யாரிடமும் தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

சேகரிப்பாளர்கள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர். நல்ல மனிதர்கள்தான், விவரம் தெரிந்தவர்கள். சீர்காழியாரின் ஆரம்பகாலத் தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள், சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிவிடும். ஒருவர் “மேடம், இது மட்டும் இல்லைன்னா” என்று பெருமூச்சு விட்டார். எந்தப் பாட்டு எந்தக் கம்பெனியில் எப்போது வந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். அது எந்த ஊர் மாரியம்மன் கோயிலில் ஒலித்தது என்பது அந்தச் சிவப்பு எழுத்தை வைத்துத்தானே தெரியும்? பழைய பாட்டுப் புத்தகங்களுக்கும் இதே கதிதான். தியேட்டரில் வாங்கி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வரிக்குக் கீழே பென்சிலால் யாரோ எழுதிய தேதியும் பக்கத்து சீட்டுக்காரியின் பெயரும்தான் எனக்குச் சுவாரசியம். அதை ரப்பர் வைத்து அழித்து விற்கிறார்கள்.

இவற்றை ஒரு நூலகத்தில் கொடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். புத்தகம் என்றால் பதிவேடு இருக்கிறது, தட்டுக்குப் பதிவேடு இல்லை என்றார்கள். அப்பாவின் நோட்டைக் காட்டி, இதோ பதிவேடு என்றேன். சிரித்தார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டினால் என் வீட்டுக்காரர் பற்றிய பகுதியை வெட்டுங்கள், ஸ்பிரிட் பகுதியை வெட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. என்னிடம் இருக்கும் அந்தப் பதினொன்றில் புவனகிரி, பரங்கிப்பேட்டை, வில்லியனூர் மைக் செட்களின் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. அந்தக் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும், நீங்கள் எனக்கு அனுப்பிவையுங்கள். கடையின் பெயரை அவர்கள் சரியாகச் சொன்னால் தட்டைக் கொடுத்துவிடுகிறேன், காசு வேண்டாம். என் பக்கத்தில் இன்னும் வராதது எண் 112, ‘சின்னஞ்சிறு பெண்போலே’. சிதம்பரம் சிவகங்கைக் குளத்தருகே துர்க்கை சிரித்திருப்பதைப் பாடும் பாட்டு, நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து உளுந்தூர்பேட்டை சண்முகம் எழுதியது. நோட்டில் அதற்கு எதிரே “சிதம்பரம், ஆனித் திருமஞ்சனம்” என்று மட்டும் இருக்கிறது, வருடம் இல்லை. சிவப்பு எண்ணோடு யார் கையிலாவது இருந்தால், துடைக்காமல் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
மைக் செட்காரர் மகள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

(பெயரும் விலாசமும் உங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அச்சிட வேண்டாம், தட்டு விலை கேட்டு ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.)