வடக்கே முந்தி வந்த வசந்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வட இந்தியாவில் வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டது என்று பூப்படங்களோடு செய்தி போடுகிறீர்கள், சரி. ஹரியானாவில் வயலோரம் குடியிருக்கும் எனக்கு அது அவ்வளவு சந்தோஷமான செய்தியாகப் படவில்லை. பிப்ரவரி பாதியிலேயே கடுகுப்பூ உதிர்ந்து காய் பிடித்துவிட்டது, முள்ளிலவ மரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்க மைனாக்கள் கூட்டமாக வந்து தேன் குடிக்கின்றன, மதியமானால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் கோதுமைக் கதிரில் பால் பிடிக்கிற நேரம் இது. இப்போது வெயில் ஏறினால் மணி அவசரமாக முற்றிச் சுருங்கிவிடும், கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் உமிதான் அதிகம் பறக்கும்.

2022 மார்ச்சில் இதுதான் நடந்தது. இந்தியாவில் 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே மிகச் சூடான மார்ச் அது, மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியும் பகல் வெப்பத்தில் பழைய பதிவுகளை எல்லாம் தாண்டியது. அக்டோபர் கடைசியிலேயே விதைத்தால் ஓரளவு தப்பலாம், ஆனால் நெல் அறுத்த தாளை அதற்குள் எப்படி அப்புறப்படுத்துவது? (எரித்தால் புகை வருகிறது என்று திட்ட மட்டும் டெல்லிக்காரர்கள் தயார்.)

அடுத்த முறை பூப்படத்துக்குப் பக்கத்தில் கோதுமையைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

ஒரு வாசகர், கர்னால்