நாஷ்வில்ல என்ன பூ வைக்கலாம்

அம்மு,

நீ அனுப்பின நர்சரி லிங்க் பார்த்தேன்மா. சாமந்தி மாதிரி அடுக்கடுக்கா இருக்கே, அந்த டபுள் கோன்ஃப்ளவர், அதை மட்டும் வாங்காத. அழகுதான், இல்லேங்கல, ஆனா நடுவுல கூம்பா இருக்கற கோன் முழுக்க இதழா மாறிப்போச்சுன்னா தேனீ வந்து உக்காந்து என்ன பண்ணும், வெறும் வாயோட திரும்பிப் போகும்.

உங்க ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு, டென்னஸி கோன்ஃப்ளவர். நாஷ்வில்ல சுத்தி சுண்ணாம்புப் பாறை மேல மண்ணு மெலிசா கெடக்கற சீடர் க்ளேட்ங்கற வெட்டவெளில மட்டும்தான் அது தானா வளரும். 1979ல அழியற செடி லிஸ்ட்ல சேத்தாங்க, அப்புறம் பொழச்சு வந்து 2011லதான் எடுத்தாங்க. நம்ம செயின்ட் லூயிஸ் வீட்டுல இருக்கற பர்ப்பிள் கோன்ஃப்ளவருக்கு இதழ் கீழ சரியும், இதுக்கு மேல தூக்கிட்டு நிக்கும், பூவெல்லாம் கிழக்கப் பார்த்தே இருக்கும். கடப்பாரை போட்டா கல்லு தட்டுதுன்னு புலம்பினியே, இதுக்கு அது பிரச்சனையே இல்ல, தண்ணி தேங்கினாதான் வேர் அழுகும். வாங்கறப்ப கேட்டு வாங்கு, ராக்கி டாப்னு ஒரு ஹைப்ரிட்டையும் (கலப்புச் செடி) இதே பேர் சொல்லி விப்பாங்க. நம்ம வீட்டு விதைய அனுப்ப மாட்டேன், ரெண்டும் பக்கத்துல இருந்தா கலந்துடும்.

விதைன்னா நவம்பர்ல தூவி லேசா மண்ணு மூடி விட்டுடு, குளிரும் ஈரமும் பட்டாதான் முளைக்கும். மொத வருஷம் பெரும்பாலும் வெறும் இலைதான், உடனே உரம் கிரம்னு ஆரம்பிக்காத, உரம் போட்டா தண்டு நீண்டு சாஞ்சுடும். முயலுக்கு மட்டும் சின்னதா வலை கட்டு.

பூ பச்சையா கோணல்மாணலா வந்து, கோன்லேருந்து குட்டி இலையா கெளம்பினா அது ஆஸ்டர் எல்லோஸ்ங்கற நோய், தத்துப்பூச்சி பரப்பறது, மருந்து கிடையாது, பாவம் பாக்காம வேரோட பிடுங்கிக் குப்பைல போடு.

அக்டோபர்ல காஞ்ச தலைய வெட்டிடாதம்மா. கோல்ட்ஃபின்ச் குருவி வந்து அந்த முள்ளு மேலயே தொத்திக்கிட்டு ஒவ்வொரு விதையா உருவி எடுக்கும், கீழ பனி மேல உமியா கெடக்கும், நானும் உங்கம்மாவும் காப்பி ஆறினது தெரியாம பாத்துட்டு நிப்போம். ஹெச்ஓஏல, அதான் உங்க குடியிருப்போர் சங்கத்துல, ஏதாவது சொன்னா முன்பக்கத்த மட்டும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கோ.

பின்னாடி எங்க எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு பாத்துச் சொல்லு, ஆறு மணி நேரமாவது வேணும். அந்த மேப்பிள் நிழல்ல வைக்கறதா இருந்தா வாங்கவே வேணாம்.

அப்பா