ஏலத் தோட்ட முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத் தோட்ட முதலாளிமாருக்கு வணக்கம்.

பூச்சிமருந்து அடித்த ஏலக்காட்டில் கைக்குழந்தைக்காரிகளைக் காய் எடுக்க விடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏலச்செடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய் பிடிக்கிற சரம் தரையோடு கிடக்கிறது. இலைப்பேனுக்கும் துளைப்பான் புழுவுக்கும் குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்தை அடிப்பது அந்தத் தூரில். காய் எடுக்கிறவள் குத்தவைத்துக் கை விடுவதும் அதே தூரில். இலையில் தங்கியது தலையில் சொட்டும். புடவைக்கு மேல் மாட்டிய பழைய ஆம்பளைச் சட்டைதான் அவளுக்குக் கவசம். மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு சட்டை மாரோடு நனைந்து ஒட்டும். செடி மறைவில் பீய்ச்சி மண்ணில் விடுகிறவர்களும் உண்டு. தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறவளானாலும், தமிழ்நாட்டுப் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஜீப்பில் வருகிறவளானாலும், சாயங்காலம் பாட்டி இடுப்பிலிருந்து தாவும் பிள்ளை முகம் புதைப்பது அந்தச் சட்டையில்.

"டீச்சர், பாலை நிறுத்திரட்டுமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்கிறேன். டி.டி.டி., எண்டோசல்பான் போன்ற பூச்சிமருந்துகள் உடம்புக் கொழுப்பில் தங்கிப் பாலில் இறங்கும் என்பது மெய்தான். உலக சுகாதார நிறுவனம் 1987 முதல் பல நாடுகளில் தாய்ப்பாலைச் சோதித்து வருகிறது. அத்தனையும் பார்த்த பிறகும், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்றே சொல்கிறது. பால்மாவைக் கரைக்க இங்கே எந்தத் தண்ணீர்? இதே சரிவின் ஓடைத் தண்ணீர். ஸ்வீடனில் டி.டி.டி.யைத் தடை செய்தபின் தாய்ப்பாலில் அதன் அளவு குறைந்துகொண்டே வந்தது. எண்டோசல்பான் தெளித்துக் காசர்கோட்டு மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நிறுத்தியது.

குயினால்பாஸ் வகை உடம்பில் அத்தனை காலம் தங்குவதில்லை. ஆகவே பாலைவிட, தாயின் கையும் துணியும் வழியாகப் பிள்ளைக்குப் போவதுதான் எனக்குப் பெரிய பயம். தோட்டத்திலேயே சோப்பு, தண்ணீர், மாற்றுத்துணி, மறைவாக ஒரு அறை இருந்தால் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். சவூதிக்குப் போகும் காயில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று எவ்வளவு பதறுகிறீர்கள்! எடுக்கிறவளுக்கு அதில் கால்வாசி அக்கறை போதும்.

மருந்து அடித்தால் குறித்த நாள் கழியும்வரை அவளை வேறு காட்டுக்கு அனுப்புங்கள். கூலியில் கை வைக்காதீர்கள். வைத்தால் பிள்ளை இருப்பதையே மறைத்துவிடுவாள். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை மலைக்குக் கீழே போடியில் கிடந்தால் அந்த இடைவேளையை வைத்து என்ன செய்வாள்? நாலைந்து தோட்டம் சேர்ந்து, மருந்து வாடை எட்டாத இடத்தில் ஒரு குழந்தைக் காப்பகம் போடுங்கள்.

அதுவரைக்கும் ஒன்று. எந்தக் காட்டில் மருந்து என்பதை முந்தின சாயங்காலமே ஜீப் டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஆட்களிடம் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடி டீச்சர்,
சாந்தன்பாறை