வற்றுப்பெருக்கு பாராமல் தேம்ஸில் இறங்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கோடை விடுமுறைப் பக்கத்தில், தேம்ஸ் ஆற்றில் கயாக் (துடுப்பு வலிக்கும் சின்ன வள்ளம்) ஓட்டலாம் என்ற குறிப்பைப் படித்துவிட்டு என் அக்காவின் மகன் காற்றடிக்கும் கயாக் ஒன்றை வாங்கிவிட்டான். "வொக்ஸோலில் இறக்கி டவர் பிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவோம் சித்தி" என்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவனிடம் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள். ஆறு வருடமாக இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து துடுப்பு வலிக்கிறேன். எங்கள் பரவைக்கடலில் தண்ணீர் இறங்கும் வற்றுக்கும் ஏறும் பெருக்குக்கும் முழங்கால் அளவுதான் வித்தியாசம். லண்டன் பிரிட்ஜில் அது 7 மீட்டர் வரை போகும், இரண்டு மாடி வீட்டின் உயரம்! அவ்வளவு தண்ணீரும் ஒரு நாளில் இரண்டு தடவை உள்ளே வந்து இரண்டு தடவை வெளியே போகிறது. 19ஆம் நூற்றாண்டில் கரையை உள்ளே தள்ளிச் சுவர் கட்டி ஆற்றை ஒடுக்கிவிட்டதால், நகரத்தின் நடுவில் இழுப்பு இன்னும் கூடுதல். வற்று நேரத்தில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நம்மைப் போன்றவர்கள் வள்ளம் வலிக்கிற வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 'திரும்பி வருவோம்' என்பது தண்ணீர் திரும்பினால்தான் நடக்கும்.

இரண்டாவது வருடம் பட்டர்ஸி அருகே படம் எடுப்பதற்காகத் துடுப்பை மடியில் வைத்தேன். அரை நிமிடம் இருக்காது. கட்டி நின்ற பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்றின் சரிந்த முகப்பை நோக்கித் தண்ணீர் என்னைக் கொண்டுபோனது. அந்தச் சரிவுக்கு அடியால்தான் ஆறு ஓடுகிறது. வள்ளம் போய் முட்டினால் கவிழும், ஆளும் உள்ளே போய்விடுவார். கூட வந்தவர் கத்தியதால் சுதாரித்து வலித்து விலகினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம், அங்கே நாம் மட்டும் ஓடவில்லை. பயணிகள் படகுகளும், நகரத்துக் குப்பைக் கொள்கலன்களை இழுத்துப் போகும் இழுவைப் படகுகளும் ஓயாமல் போய்வருகின்றன. அவை எழுப்பும் அலை மணற்கரையில் என்றால் அடங்கிவிடும். இங்கே கல்சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோடு சேர்ந்துகொள்ளும். வலப்பக்கமாகவே போக வேண்டும். பாலத்தின் வளைவில் வெள்ளை விளக்கு மின்னினால் பெரிய கப்பல் வருகிறது என்று அர்த்தம், அந்த வளைவை விட்டுவிட வேண்டும். வளைவில் வைக்கோல் கட்டு தொங்கினால் அங்கே உயரம் குறைந்திருக்கிறது. பழைய வழக்கம், இன்றும் சட்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஆற்றுக்கே போகாமல் இருந்துவிடக் கூடாது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்த நாளில்தான் இந்த நகரம் என்னுடையது என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த இடத்துக்கு நான் போனது இரண்டு வருடம் பழகிய பிறகு, வழி தெரிந்தவர்களோடு. தொடங்குபவர்களுக்கு ஆற்றின் மேற்பக்கத்தில் உள்ள ரிச்மண்ட் போதும். 1894இல் கட்டிய அரைவற்று மதகு அங்கே தண்ணீர் அடியோடு வற்றாமல் பிடித்து வைத்திருக்கிறது. நாரையும் பார்க்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். லண்டன் துறைமுக ஆணையத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். லண்டன் பிரிட்ஜில் பெருக்கு நிறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே ரிச்மண்டில் நிறையும். மிதவைச் சட்டை இல்லாமல் போகவே வேண்டாம். ஆபத்தென்றால் 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேட்க வேண்டும். ஆற்றில் விழுந்தவரைக் காப்பாற்றக் கடலோரக் காவல் வரும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. பொலிஸைக் கேட்டு நேரம் போய்விடும்.

அக்காவின் மகனை வரும் சனிக்கிழமை ரிச்மண்டுக்குக் கூட்டிப்போகிறேன். காற்றடிக்கும் கயாக் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் முகம் சுளித்தான். சரி என்று இப்போது அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டூட்டிங், லண்டன்