பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு, ஒரு லயத்திலிருந்து

கேரளத்தில் மனநல ஆலோசனைப் படிப்புக்கும் எம்.எஸ்.டபிள்யூ என்கிற சமூகப்பணி மேற்படிப்புக்கும் பாடத்திட்டம் வகுக்கிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டக் கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். தோட்டத்துக்குள் எல்லாம் தமிழ்தான், பஸ்ஸுக்கும் கடைக்கும் ஆகிற அளவு மலையாளம்தான் அவருக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் தூக்கம் போய், சோறு இறங்காமல் கிடந்தவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஆலோசகர் சின்னப் பெண், நல்ல மனசு. "அம்மைக்கு விஷமம் உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். அம்மா காதில் விழுந்தது நம்ம ஊர் விஷமம். "நான் யாருக்கும்மா என்ன விஷமம் பண்ணினேன்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அடுத்த கேள்வி "பேடி உண்டோ?", அதாவது பயம் இருக்கிறதா என்று. நல்லவேளை, அதற்குள் நான் குறுக்கே விழுந்து மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன்.

நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அம்மாவின் கவலையே என்னைப் பற்றியதுதான். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம், வேலை முடிந்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டும், வீட்டில் யாராவது தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் தொடர்ந்து இருக்கலாம், அப்படியென்றால் காலேஜில் படிக்கிற மகளை நிறுத்திக் கூடையை மாட்டிவிட வேண்டும். இதை அந்த மகளையே நடுவில் உட்காரவைத்து எப்படிச் சொல்வார்? தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அவ்வளவுதான் சொன்னார். சீட்டில் ஆங்சைட்டி என்று எழுதி, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மூச்சுப் பயிற்சியில் தப்பில்லை, இப்போது நானும் செய்கிறேன். ஆனால் "வீடு யார் பேரில் இருக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை, அதனால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேல் கொஞ்சம் இருக்கிறது.

என் தோழி படித்த இடத்தில் 'கலாச்சாரப் பன்முகத்தன்மை' என்கிற யூனிட் கடைசி வாரம் ஒரே மதியத்தில் முடிந்ததாம். பண்டிகை, உடை, சாப்பாடு. சாதி என்ற சொல் வந்ததும் சார் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாராம். இங்கே தோட்டத்துத் தலித் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், குடும்பம் 1950-க்கு முன்பே இந்த மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிவந்த தாத்தாவிடம் என்ன காகிதம் இருக்கும்? அதனால் படிப்பு நின்றுபோன பையன் உங்கள் மாணவர் முன்னால் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு 'உந்துதல் குறைவு' என்று எழுதுவாரா, தாலுகா ஆபீஸ் கதையைக் கேட்பாரா?

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. மனநோய்களை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்கிற கையேட்டிலேயே பண்பாட்டுப் பின்னணியை விசாரிக்க 16 கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம், சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று. அம்மாவிடம் அதைத் தமிழில் கேட்டிருந்தால், நான் வெளியே நின்றிருந்தால், பாதிக் கதை அன்றைக்கே வந்திருக்கும். 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவும் சாதி, வர்க்கம், பண்பாடு பார்த்துச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். 1998-இல் டெர்வலான், மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், வேறு பண்பாட்டு நோயாளியிடம் பழக வேண்டிய விதத்தைப் பண்பாட்டுப் பணிவு என்றார்கள். ஒரு தேர்வில் முடிகிற திறமை இல்லை, ஆயுசு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்கிற பழக்கம் என்றார்கள். அதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்பது உங்கள் பாடு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நோயாளி பேசுகிற தமிழைக் கொஞ்சமாவது சொல்லிக்கொடுங்கள், வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தோட்டத்திலேயே படித்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம், சம்பளம் கொடுத்து எங்களை வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள். அப்புறம், மாணவர்களைக் களப்பணிக்கு டிசம்பரில் அனுப்பாதீர்கள். அப்போது மூணாறு போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். ஆகஸ்ட் மழையில் அனுப்புங்கள். மூணாறு பக்கத்துத் தோட்டமான பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயங்கள்மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள், தகவல் வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. அதிலிருந்து ஓட்டின்மேல் மழை பலத்தால் எங்கள் வரிசையில் யாரும் படுப்பதில்லை. அந்த ஒரு ராத்திரி எங்களோடு உட்கார்ந்துவிட்டு, காலையில் சீட்டில் என்ன எழுதுவது என்று அவர்களே முடிவு பண்ணட்டும்.

இப்படிக்கு,
கொழுந்து கிள்ளிய ஓர் அம்மாவின் மகள்