டிமக்ஸுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்குடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித்தருகிறேன். ஐப்பசி மழையில் இங்கே கரன்ட் போனாலும், தொலைவிலுள்ள சர்வரில் டிமக்ஸ் (tmux – இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையை ஓடவிடும் மென்பொருள்) செஷன் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கரன்ட் வந்ததும் 'அட்டாச்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெல்டாவுக்கென்றே செய்தது போல!

சிக்கல் அப்புறம்தான். வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தானும் அதன் மாட்யூல்களும்) ஒரு ஷெல்லில், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலில், ஆக்டிவேட் செய்தால் அது அந்த ஷெல்லோடு சரி. டிமக்ஸில் புதிய ஜன்னல் திறந்தால் அது வேறு ஷெல். அதுவும் வழக்கமாக லாகின் ஷெல்; தொடக்க அமைப்புக் கோப்புகளை மறுபடி படிக்கும். அதனால் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வரிசை மாறி, சிஸ்டம் பைத்தான் முன்னால் வந்து நிற்கும். 'மாட்யூல் இல்லை' என்று பிழை வந்ததும், பிள்ளைகள் எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் தனியே ஆக்டிவேட் செய்யலாம். அல்லது அந்த என்விரான்மென்ட்டின் 'பின்' ஃபோல்டரிலுள்ள பைத்தானை முழுப் பாதை கொடுத்தே ஓட்டலாம்.

அரசுத் திறன் பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

— ஒரு பயிற்றுநர், மன்னார்குடி