படத்தில் இருப்பவரும் படிப்பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போஸ்டரையும் துண்டறிக்கையையும் பார்த்தேன். ராத்திரி ஒரு தடவை, காலை வெளிச்சத்தில் இன்னொரு தடவை. வீடில்லாதவர்களுக்காகப் பாடுபடும் ஒரு அமைப்புக்கு நீ வேலை செய்கிறாய் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்லிவிட்டோம். இது அச்சகத்தில் முப்பது வருஷம் நின்றவன் சொல்ல நினைப்பது. நீ கையில் வைத்துப் பார்க்க வசதியாக எழுத்தில் தருகிறேன்.

முதலில் அந்த போஸ்டர் படம். நடைபாதையில் ஒருவர் சுருண்டு படுத்திருக்கிறார், மேலே வெள்ளை எழுத்தில் வாசகம். பார்த்ததும் மனசைப் பிடிக்கிறது. ஆனாலும் அதை நீக்கிவிடு.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு அமைப்புக்கு இதே மாதிரி போஸ்டர் அடித்துக் கொடுத்தோம். மிச்சமிருந்ததை இரண்டு வருஷம் கழித்து அவர்கள் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எங்கள் அச்சகத்தின் பெயரைப் படித்து, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். “அந்தப் படத்துல இருக்கறது நான்தான் சார்” என்றார். தூங்கும்போது எடுத்த படம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது அவருக்கு வேலை இருந்தது, வாடகைக்கு ஒரு அறை இருந்தது. வேலைக்குப் போகிற வழியிலேயே சுவரில் அவருடைய முகம். அவர் சத்தம் போடவில்லை. “இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடித்துக் கொடுத்த காகிதம் எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் படம் எடுக்கும் முன் கேட்கச் சொல். தூங்குகிறவரால் சம்மதம் சொல்ல முடியாது. எதற்கு, எங்கே, எத்தனை நாளைக்கு என்று விளக்கி எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு மனசு மாறினால் அடுத்த பதிப்பில் படம் இருக்காது என்ற உறுதியும் கொடுக்க வேண்டும். கேமராவை அவர் கண் மட்டத்துக்கு இறக்கி வைக்கட்டும். மேலே நின்றுகொண்டு எடுத்த படத்தைப் பார்க்கிறவனும் மேலே நின்றுதான் பார்ப்பான்.

அந்தப் படத்தை நீக்க இன்னொரு காரணமும் உண்டு. வீடில்லாமை என்றால் நடைபாதை மட்டும் இல்லை. ஐரோப்பாவில் ஃபியான்ட்சா என்ற கூட்டமைப்பு 2005-இல் இதை நான்காகப் பிரித்தது: கூரையே இல்லாதவர்கள், விடுதியிலும் காப்பகத்திலும் தங்கியிருப்பவர்கள், எப்போது வெளியேற்றப்படுவோமோ என்று இருப்பவர்கள், மனிதர் குடியிருக்கத் தகாத இடத்தில் இருப்பவர்கள். தோழி வீட்டு ஹாலில் குழந்தையோடு படுத்துக்கொள்ளும் பெண் உன் போஸ்டரைப் பார்த்தால் ‘இது எனக்கு இல்லை’ என்று தாண்டிப் போய்விடுவாள். உதவி கேட்க வேண்டியவளே போய்விடுகிறாள்.

பிரிட்டனில் கிரைசிஸ் என்ற அமைப்பும் ஃப்ரேம்வொர்க்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்துப் பார். ஒரு தனி மனிதரின் சோகத்தை மட்டும் காட்டினால், ‘அவர் செய்த தப்பு, அவர் தலையெழுத்து’ என்றுதான் ஜனங்களுக்குத் தோன்றுகிறது. வாடகை எட்டாத உயரத்துக்குப் போனது, வருமானம் நின்றது, வீட்டில் அடி உதை என்று காரணத்தையும், என்ன செய்தால் சரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் வாசகத்தில் இரக்கம் இருக்கிறது, காரணம் இல்லை. ஒரு வரி போதும்.

சரி, துண்டறிக்கைக்கு வருகிறேன். நன்கொடை கொடுப்பவருக்கும் உதவி தேடுபவருக்கும் ஒரே தாளில் பேசப் பார்க்கிறாய். பிரித்துவிடு. கொடுப்பவருக்கு ஏ5 அளவு, நல்ல ஆர்ட் பேப்பர், கியூஆர் கோடு எல்லாம் இருக்கட்டும். கியூஆர் கோடைச் சுற்றி வெள்ளை இடம் விடு, அடித்த தாளில் போனை வைத்துச் சோதி.

தேடுபவருக்கு வேறு. அவர் போனில் சார்ஜ் இருக்காது, போனே இல்லாமலும் இருக்கலாம். மடித்தால் ஏடிஎம் கார்டு அளவுக்கு வந்து சட்டைப் பையில் அடங்க வேண்டும். தொலைபேசி எண் பெரிசாக, இரவில் யார் எடுப்பார்கள் என்ற விவரத்தோடு இருக்கட்டும். இன்று ராத்திரி எங்கே படுக்கலாம், எத்தனை மணிக்குள் போக வேண்டும், அடையாள அட்டை வேண்டுமா, இதுதான் அவருக்குத் தேவை. அமைப்பின் வரலாறு வேண்டாம். இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துக் கொடுத்துவிடாதே, மழையில் நனைந்தால் சாயம் கரைந்து ஓடும். வழவழப்பில்லாத தாளில் ஆஃப்செட் அச்சில் போடு, பேனாவால் குறித்துக்கொள்ளவும் ஒத்துவரும். பணம் இடம் கொடுத்தால் கிழியாத பிளாஸ்டிக் தாள் இன்னும் நல்லது.

கோப்பு விஷயம் உனக்கே தெரியும்: நாலு பக்கமும் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் ப்ளீட், படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ), அச்சுக்கான நாலு கலர் முறை சிஎம்ஒய்கே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாலு கலர் சேர்ந்த கருப்பில் பொடி எழுத்தை வெள்ளையாக ரிவர்ஸ் விடாதே. நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழ வேண்டிய ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து அடைத்துப் போகும். தெரு விளக்கில் படிக்கிறவருக்கு, கண்ணாடி இல்லாதவருக்கு, அது இல்லாத எழுத்துதான். வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து, வரிகளுக்கு நடுவே தாராளமான இடம். தமிழுக்கு அந்த இடம் கூடவே வேண்டும், மேலே சுழியும் கீழே காலும் இடித்துக்கொள்ளும்.

அச்சுக்கு அனுப்பும் முன் வெறும் தாளில் மடித்து ஒரு மாதிரி செய். காப்பகத்தில் தங்கியிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார். எங்கே நிறுத்துகிறார்கள், எதைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள். விளக்கம் சொல்லப் போகாதே. அவர்கள் நேரத்துக்கு அமைப்பு பணம் கொடுக்க வேண்டும் என்று நீயே கேட்டுவிடு.

அக்டோபர் 10-ஆம் தேதி உலக வீடற்றோர் தினத்துக்குள் வேண்டும் என்று அமைப்பினர் அவசரப்படுத்துவதாகச் சொன்னாய். போஸ்டர் வேண்டுமானால் அந்த நாளுக்குப் போகட்டும். உதவி தேடுபவருக்கான மடிப்புத் தாள் ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை, எண்ணையும் நேரத்தையும் நீயே கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் அச்சடிக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு வந்ததும் எனக்கும் ஒன்று தபாலில் அனுப்பு, திரையில் வேண்டாம். மடித்தே அனுப்பு. சட்டைப் பையில் நாலு நாள் வைத்திருந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா